மழுக்கிய அரிவாள்மணை

சுவிட்சை அணைத்ததும் மிஷின் நின்றுவிடும். என் கை நிற்காது. விரல் நுனியில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் அந்த அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கையை வைத்தால் கொஞ்ச நேரம் சோறு எது விரல் எது என்று தெரியாது. முன்பெல்லாம் ராத்திரி படுக்கும்போது சரியாகிவிடும். இப்போது காலையில் எழுந்து பல் விளக்கும்போதும் இருக்கிறது.

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடையின் பக்கவாட்டில் தகரம் போட்டு நான் சாணை பிடிக்கிறேன். பெரிய கடை ஒன்றும் இல்லை. ஒரு கனத்த பலகை, அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கிய மோட்டார், மோட்டாரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல் சக்கரம். இடது பக்கம் சொரசொரப்புக் கல், வெட்டுகிற வாய் உடைந்து வரும் அரிவாளுக்கும் கோடாலிக்கும். வலது பக்கம் நைஸ் கல். நைஸ் கல்லைக் கழற்றிவிட்டுத் துணிச் சக்கரம் மாட்டினால் பிசிறு எடுக்கலாம். பக்கத்தில் ஒரு டப்பாவில் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் முக்கியம். இரும்பு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போச்சு, அப்புறம் அது கத்தி இல்லை, தகடு. அதனால் ஒரு இழுப்பு, ஒரு முக்கு. அவசரப்படுகிறவனுக்கு இந்த வேலை ஆகாது. நான் பிறந்ததிலிருந்தே மெதுவானவன். அந்த ஒரு குணத்தை வைத்துத்தான் இத்தனை வருடம் பிழைத்தேன்.

அதற்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் இருந்தேன். சிமெண்டு லாரிகள் வந்து நிற்கும். பிளேட்டுப் பட்டையைத் தேய்க்க, வெல்டிங் வைத்த இடத்தைச் சமம் பண்ண என்று நாள் முழுக்கச் சாணைக் கல்லின் முன்னால் நிற்பேன். அங்கே சுண்ணாம்புத் தூசி, இங்கே இரும்புத் தூசி. இருமினால் எந்த ஊர்த் தூசி வருகிறது என்று எனக்கே தெரியாது.

சொல்ல வந்தது என் மனைவியைப் பற்றி. அவள் ஊர் கொள்ளிடக்கரையில் திருமழபாடி. அங்கே கோயிலில் நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். எனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறதே என்று என் அம்மா என்னை அந்தக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நந்தியை நான் சரியாகப் பார்க்கவே இல்லை, அத்தனை தலை. ஆனால் அந்த வருடமே அந்த ஊரிலேயே பெண் அமைந்தது. இன்றைக்கும் கோபம் வந்தால் அவள் சொல்லுவாள்: "நந்தியப் பாக்காம எவளப் பாத்தீங்களோ, நான் வந்து மாட்டுனேன்."

கல்யாணமாகி வந்ததும் அவள் வெங்காய வேலைக்குப் போனாள். செட்டிகுளம் பக்கம் எங்கே பார்த்தாலும் சின்ன வெங்காயம். பிடுங்கிக் காயப்போட்ட வெங்காயத்தில் தாளை அரிந்து எடுக்கப் பெண்கள் வரிசையாக உட்காருவார்கள். அரிவாளைக் காலால் மிதித்துக்கொண்டு, கொத்தைக் கையில் பிடித்து அதில் ஒரு இழுப்பு. வெங்காயம் ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். அரிகிற யாரும் அரிவாளைப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கிறவள் முகத்தைப் பார்ப்பார்கள், வரப்பில் வருகிற ஆளைப் பார்ப்பார்கள், எவன் வீட்டுச் சண்டையையாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். குனிந்து பார்த்து அரிகிறவளைப் "புதுசு" என்று கேலி பண்ணுவார்கள். என் மனைவி புதுசாக இருந்ததே கொஞ்ச நாள்தான்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அரிவாள்மணையைப் போட்டு ஒரு காலை மடக்கி உட்கார்ந்தாள் என்றால் கண் அடுப்பில் இருக்கும், டிவி வந்த பிறகு டிவியில் இருக்கும். கை மட்டும் பீன்ஸை ஒரே அளவில் அரிந்துகொண்டிருக்கும். இத்தனை வருடத்தில் அவள் விரலில் வெட்டுக்காயம் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

அப்புறம் சுகர் வந்தது. முதலில் மாத்திரை, பிறகு ஊசி. காலில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் கடைத்தெரு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தாள். நான் சிரித்தேன். சூடான சட்டியைத் துணி இல்லாமல் இறக்கினாள். அதற்கும் "என்னா தைரியம்டி" என்றேன். மரத்துப்போகிறது என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் சுரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பி நின்றவன் தட்டைப் பார்த்தேன். வெள்ளைச் சுரைக்காய்த் துண்டெல்லாம் சிவந்திருந்தது.

"என்னாங்க அப்புடிப் பாக்குறீங்க? சுரைக்காதானே, புடிக்கும்ல ஒங்களுக்கு?" என்றாள்.

ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் பிளந்து ரத்தம் மணிக்கட்டு வரை ஓடியிருந்தது. அவள் அரிந்துகொண்டே இருந்தாள்.

அந்தப் புண் ஆறவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு நடந்தோம், வரிசையில் நின்றோம், கட்டு மாற்றினோம், மறுபடி நடந்தோம். விரல் கறுத்துக்கொண்டு வந்தது. ஒருவழியாக ஆறியது. டாக்டரம்மா நல்ல பொறுமைசாலி. அவர்கள் சொன்னார்கள்: "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா வெரல எடுக்க வேண்டி வந்திருக்கும் பெரியவரே. இனிமே ஒரு சின்ன காயம்கூட படக்கூடாது. ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சாலும் அவங்களுக்கு வலி தெரியாது, பாத்துக்குங்க."

அரியலூரில் கட்டிக்கொடுத்த மகள் அன்று கூட வந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"அப்பா, முதல்ல அந்த அருவாமனையத் தூக்கிப் போடுங்க."

"அதத் தூக்கிப் போடுறதா இருந்தா என்னையும் சேத்துப் போட்டுடுங்க," என்றாள் மனைவி.

"கத்தி வாங்கியாறேம்மா. பலகையில வச்சி நறுக்கு. எல்லாரும் அப்புடித்தானே செய்யுறாங்க."

"நின்னுக்கிட்டு நறுக்க நான் என்ன ஓட்டல்லயா வேலை பாக்குறேன்?"

மகள் விடாமல் அடுத்த தடவை ஒரு பிளாஸ்டிக் பலகையும் சிவப்புப் பிடி போட்ட கத்தியும் வாங்கி வந்தாள். அந்தப் பலகை எங்கள் தண்ணீர்க் குடத்துக்கு நல்ல மூடியானது. கத்தி எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. நானே அரிந்து தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை நிறுத்திக்கொண்டேன். காலையில் அந்த மணையில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு அன்றைய நாள் தொடங்கும். ஏற்கெனவே வெங்காய வேலை போச்சு, கோலம் போடக் குனிய முடியாமல் போச்சு, இனிப்புக் காப்பி போச்சு. இது மிச்சம்.

மகள் பஸ் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "சாணை புடிக்கிற மனுசந்தானேப்பா நீங்க. மொண்ணையாக்கத் தெரியாதா? தெரியாம மழுக்கி வச்சிடுங்க. அம்மா பாட்டுக்கு அரிஞ்சிக்கிட்டு இருக்கட்டும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அலுத்துப்போயிருந்தேன். ஏதாவது ஒன்று செய்து இந்தப் பயத்தை முடித்தால் போதும் என்று இருந்தது.

"தீட்டியாறேன்" என்று சொல்லி அரிவாள்மணையை எடுத்துப் போனேன். அதன் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் கல்லில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பலகை மோட்டாரில் இடிக்கும். தீட்டும்போது இரும்பைச் சாய்த்துக் காட்டுவோம். அன்றைக்குச் சாய்க்கவில்லை. வாயை நேராகக் கல்லில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான். நான் எத்தனையோ தடவை பார்த்துப் பார்த்து ஏற்றிய வாய். பெருவிரலால் தடவிப் பார்த்தேன். டம்ளர் விளிம்பைத் தடவுவது போல் இருந்தது. இந்த ஊரில் எவனும் என்னிடம் வந்து இப்படி ஒரு வேலை கேட்டதில்லை.

அன்று முதல் வீட்டில் தக்காளி நசுங்கியது. கீரைத்தண்டு நார் நாராகக் கிழிந்தது. பீன்ஸ் பொரியலில் ஒரு துண்டு விரல் நீளம், ஒரு துண்டு கடுகு அளவு.

"என்னாங்க இது வாயே இல்லாம கெடக்கு? தீட்டுனீங்களா இல்லையா?"

"கல்லு தேஞ்சுபோச்சு புள்ள. திருச்சியிலேருந்து புதுக் கல்லு வரணும்."

"ஊருக்கெல்லாம் தேயாத கல்லு எனக்கு மட்டும் தேஞ்சுபோச்சாக்கும்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஆனால் உட்காருகிற விதம் மாறிவிட்டது. முன்பு சும்மா காயை நீட்டுவாள், அது தானாக இரண்டாகும். இப்போது உடம்பை முன்னால் சாய்த்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தைக் கொடுத்து அமுக்கினாள். பூசணிக்காய் அரிந்த அன்று காய் வழுக்கி, கை போய் இரும்பில் மோதியது. மழுங்கல் என்பதால் வெட்டவில்லை. ஆனால் தோல் வழன்று போயிருந்தது. வழக்கம்போல அவளுக்குத் தெரியவில்லை. நான் மருந்து போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பிரியாணி மாஸ்டர் வருவார். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். அவர் மகன் துபாயிலிருந்து அனுப்பிய கத்திகளைத் துணியில் சுருட்டி எடுத்து வருவார். அன்றைக்கு அவர் வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

"என்னாண்ணே, மொகமே சரியில்லையே?"

நான் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"யா அல்லாஹ்! ஏண்ணே, நீங்கதானே எங்கிட்ட சொல்லுவீங்க. தீட்டுன கத்தி சொன்ன பேச்சக் கேக்கும், மொண்ணக் கத்தி அது இஷ்டத்துக்குப் போவும், கையக் காவு வாங்கும்னு. எம் பசங்ககிட்ட அதத்தான் நான் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். எங்களுக்கு ஒரு பேச்சு, ஒங்க வூட்டுக்கு ஒரு பேச்சா?"

"தெரியாமயா பாய் இருக்கேன்?"

"தெரிஞ்சா போயி தீட்டுங்க."

தெரியும். ஆனால் தீட்ட நினைத்தால் அந்தச் சிவந்த சுரைக்காய் கண்ணில் நிற்கிறது. தீட்டாவிட்டால் பூசணிக்காய். அவர் கத்திகளைத் தீட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நாள் ஓடியது.

இப்படி இருக்கையில் மனைவி ஒரு நாள் "மவ வூட்டுக்குப் போயிட்டு வரேன், பேத்தி கண்ணுலயே நிக்கிறா" என்று காலையில் அரியலூர் பஸ் ஏறினாள். கையில் ஒயர் கூடை, மேலே முருங்கைக்கீரைக் கட்டு. நானே போய் ஏற்றிவிட்டு வந்தேன். கூடை கனமாக இருந்தது. மகளுக்கு ஏதோ கொண்டு போகிறாள் என்று நினைத்தேன்.

மத்தியானம் போன் அடித்தது. அரியலூர் மார்க்கெட்டுப் பக்கம் சாணை பிடிக்கிற ஆள். திருச்சியில் ஒரே கடையில் நாங்கள் கல் வாங்குவோம், அந்தப் பழக்கம்.

"அண்ணே, மோட்டாரு எரிஞ்சுபோச்சா?"

"இல்லையே, ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. ஏந் தம்பி?"

"ஒடம்புக்கு ஏதாச்சும்?"

"ஒடம்பு இருக்கு அது பாட்டுக்கு. என்னா விசயம், சொல்லு."

கொஞ்சம் இழுத்தான். "ஒண்ணுமில்ல. அண்ணி வந்துட்டுப் போனாங்க. கூடையிலேருந்து கீரைய எடுத்துட்டு அருவாமனைய எடுத்து வச்சாங்க. யாரோன்னு வாங்கித் தீட்டிக்கிட்டிருந்தேன். 'எங்க வூட்டுக்காரரும் இந்த வேலதான், பெரம்பலூர்ல'ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடிச்சி."

"அப்புறம் ஏன் இங்க வந்தீங்கன்னு கேக்கலையா நீ?"

"கேட்டேண்ணே. 'அவருக்கு இப்பல்லாம் தீட்ட வரல தம்பி, மறந்துட்டாரு'ன்னாங்க."

போனை வைத்த பிறகு எதிரில் ஒரு கறிக்கடைக்காரர் தன் வெட்டுக்கத்திக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் இரண்டு முறை கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை என்று அவரே பிறகு சொன்னார்.

அவள் பொழுது சாய்வதற்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட்டாள். கூடையைக் கீழே வைத்து அரிவாள்மணையை எடுத்து நடுவீட்டில் போட்டாள். கை கால் கழுவினாள். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"கண்டக்டரு கூடையத் தூக்கிப் பாத்துட்டு 'என்னா ஆத்தா, யாரையாச்சும் வெட்டப் போறியா'ங்கிறான். 'இன்னும் முடிவு பண்ணல தம்பி'ன்னேன். பஸ்ஸே சிரிச்சிச்சி," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கீரைய மட்டும் குடுத்தேன். யாரு சொல்லி மழுக்குனீங்க? அவதானே?"

நான் காலிக் கூடையை எடுத்து மூலையில் வைத்தேன்.

"எத்தன வருசம் அதுல அரிஞ்சிருக்கேன். வாயி போனது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

"வெரலு போயிடும்டி. டாக்டரம்மா சொன்னது காதுல வுழலையா?"

"வுழுந்துச்சு. போனாலும் போனது எனக்குத் தெரியப்போறதில்ல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்து முடித்ததும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியலதான். ஆனா தீட்டுன அருவான்னா காய் போற போக்குல ஒரு சத்தம் இருக்குங்க. சரக்குன்னு போச்சுன்னா வாயி இங்க இருக்குன்னு காதுக்குத் தெரியும். நின்னுச்சுன்னா, வேற எதுலயோ படுதுன்னு கைய இழுத்துக்குவேன். மொண்ணையில ஒரு சத்தமும் இல்ல. குருடி மாதிரி அமுக்கிக்கிட்டுக் கெடந்தேன் இத்தன நாளும்."

மொண்ணைக் கத்தி கையைக் காவு வாங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், அவள் காதால் அரிகிறாள் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

அரிவாள்மணையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் புறாக் கழுத்து நீலம் ஓடியிருந்தது. அரியலூர்க்காரன் நல்ல பையன்தான், அவனுக்குத் தண்ணீரில் முக்கப் பொறுமை இல்லை. பதம் போன அந்த இடம் சீக்கிரமே மழுங்கும். அந்த இடத்தில் மட்டும் அவள் மறுபடி அமுக்குவாள்.

"இதயும் கெடுத்து வச்சிருக்கான்," என்றேன்.

"அப்போ மறக்கல நீங்க," என்றாள்.

மறுநாள் மிஷினை மற்ற யாருக்கும் ஓட்டவில்லை. முதலில் நைஸ் கல்லைக் கொத்திச் சமப்படுத்தினேன். பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நீலம் பாய்ந்ததெல்லாம் போகிற வரைக்கும் தேய்த்தேன். ஒரு இழுப்பு, ஒரு முக்கு. இரும்பு இளஞ்சூட்டைத் தாண்ட விடவில்லை. பிறகு துணிச் சக்கரம் மாட்டி, மெருகேற்றும் பச்சை மெழுகு காட்டிப் பிசிறு எடுத்தேன். தோள் கழன்றுவிடும் போல் இருந்தது. ஒரு வெங்காயத் தாளை அதில் வைத்தேன். அமுக்கவே இல்லை. சரக்கென்று கேட்டது.

வீட்டில் கொண்டு வந்து வைத்துவிட்டு ஒரே ஒரு பேச்சு சொன்னேன். அவள் அரிந்து முடிக்கிற வரை நான் எதிரே உட்காருவேன். அவள் விரலை நான் பார்ப்பேன். அதற்குச் சம்மதம் என்றால் இது வீட்டில் இருக்கும்.

"மாமியாக்காரி செத்து இத்தன வருசம் கழிச்சு மறுபடி ஒரு மாமியாளா," என்று முனகினாள். ஆனால் சம்மதித்தாள்.

சும்மா பார்ப்பதுதானே என்று நினைத்தேன். மிஷின் முன்னால் நிற்பதை விட அது கஷ்டம். காய் போகும் வேகத்துக்கு என் கண் போவதில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். கொஞ்சம் அசந்தால், "தூங்கிட்டீங்களா? நல்ல காவக்காரரு" என்பாள். கடை திறக்க நேரமாகிவிடுகிறது. வந்து காத்திருக்கிறவர்கள் சைக்கிள் கடைக்காரரிடம் சலித்துக்கொள்கிறார்கள். சில நாள் காய் இல்லாத குழம்பாக வைத்தால் என்ன என்றுகூடத் தோன்றும். கேட்டால் அடிக்க வருவாள்.

போன மழையின்போது ஒரு நாள் வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். கண் டிவியில். நான் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடு விரலில் மயிர் மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

"நில்லு," என்றேன்.

"என்னாங்க?"

"நடு வெரலு."

கையைத் தூக்கி, வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போல் பார்த்தாள். மெல்லிசான காயம், பிளக்கவில்லை, நசுங்கவில்லை. கழுவி, ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை வைத்துக் கட்டினேன்.

"மவளுக்குப் போன் போட்டுடாதீங்க."

"போடல. நீ எந்திரி. மிச்சத்த நான் அரியறேன்."

"நீங்க அரிஞ்சா மாட்டுக்குத்தான் வைக்கணும்." கட்டுப் போட்ட விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மணையைத் தன் பக்கம் இழுத்தாள். இந்தத் தடவை டிவியை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். குனிந்து, வெங்காயக் காட்டில் புதுசாக வந்தவள் போல் காயைப் பார்த்துப் பார்த்து அரிய ஆரம்பித்தாள். சரக், சரக் என்று மெதுவாகக் கேட்டது.

சட்டைப் பையில் போன் அடித்தது. கடையில் யாரோ காத்திருக்கிறார்கள். எடுக்கவில்லை. தட்டில் இன்னும் பாதி வெண்டைக்காய் இருந்தது. எழுந்திருக்க முட்டியும் விடவில்லை.